நியூ ஆர்லியன்ஸ் போனால் எங்கே சாப்பிடுவது: பெரிய உணவகமா, பேட்டைக் கடையா, கேஜன் நாட்டுப்பக்கமா?

ஹூஸ்டன், டல்லாஸ் பக்கமிருந்து நீண்ட வார இறுதிக்கு நியூ ஆர்லியன்ஸ் கிளம்புகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "வெளியே சாப்பிடப் போவது இரண்டு மூன்று வேளைதான். கும்போ, ஜம்பலாயா எல்லாம் எங்கே சாப்பிட்டால் சரியாக இருக்கும்?" (கும்போ என்பது கெட்டியான குழம்பு, ஜம்பலாயா என்பது கறியோ இறாலோ சேர்த்து ஒரே பானையில் வேகவைத்த சோறு.) கூடவே ஒரு துணைக் கேள்வியும் வரும்: "கிரியோல் கடைக்குப் போகலாமா, கேஜன் கடைக்கா?"

அந்த இரண்டாவது பஞ்சாயத்தை முதலில் முடித்துவிடலாம். கிரியோல் என்பது நியூ ஆர்லியன்ஸ் நகரத்துச் சமையல். பிரெஞ்சு, ஸ்பானிய, மேற்கு ஆப்பிரிக்க, கரீபியக் கைகள் பட்டது. பின்னால் சிசிலியிலிருந்து வந்த இத்தாலியர்களும் சேர்ந்துகொண்டார்கள். வெண்ணெய், தக்காளி, கடல் உணவு தாராளம். கேஜன் என்பது அகேடியர்களின் வழிவந்தவர்கள் சமைப்பது. இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பக்கமிருந்து 1755 முதல் பிரிட்டிஷார் விரட்டிவிட்ட பிரெஞ்சுக்காரர்கள் அவர்கள். தென்மேற்கு லூசியானாவின் சதுப்பிலும் புல்வெளியிலும் வந்து குடியேறினார்கள். கோழி, பன்றி, சோறு, கறுக்க வறுத்த மாவு என்று போகும் சமையல். வெங்காயம், செலரி, பச்சைக் குடைமிளகாய் என்ற அடித்தளம் இரண்டுக்கும் பொது. ஜம்பலாயா தக்காளி போட்டுச் சிவப்பாக வந்தால் நகரத்து வழி, பழுப்பாக வந்தால் நாட்டுப்பக்கத்து வழி.

ஆனால் நியூ ஆர்லியன்ஸின் சாதாரணப் பேட்டைக் கடையில் இரண்டும் ஒரே மெனுவில்தான் இருக்கும். அதனால் பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது. என்ன கிழமை, என்ன மாசம், காரில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்

மொத்தச் செலவு. மெனுவில் போட்டிருப்பது பாதிக் கதைதான். நியூ ஆர்லியன்ஸில் விற்பனை வரி கிட்டத்தட்ட 10 சதவீதம், டிப் 18 முதல் 20 சதவீதம். இரண்டும் சேர்ந்தால் 100 டாலர் சாப்பாடு 130 ஆகிவிடும். ஆறு பேருக்கு மேல் போனால் பல இடங்களில் டிப்பை அவர்களே பில்லில் சேர்த்துவிடுவார்கள். அதைக் கவனிக்காமல் மறுபடி ஒரு முறை வைத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு.

எந்தக் கிழமை, எந்த மாசம். இந்த ஊர்ச் சாப்பாட்டுக்குக் காலண்டர் உண்டு. திங்கட்கிழமை ராஜ்மா மாதிரியான சிவப்புப் பீன்ஸும் சோறும். குட்டிச் சிங்கி இறால் போல இருக்கும் கிராஃபிஷ் ஜனவரி கடைசியிலிருந்து ஜூன் வரை, அதிலும் மார்ச் முதல் மே வரை உச்சம். 1919 முதல் நடக்கும் கசமென்டோஸ் என்ற சிப்பிக் கடை கோடையில் கதவையே மூடிவிடும்.

யார் கூட வருகிறார்கள். சைவர்கள், மாட்டிறைச்சியோ பன்றியோ சாப்பிடாதவர்கள், சின்னக் குழந்தைகள், இறால் ஒவ்வாமை உள்ளவர்கள். இதில் ஒருவர் இருந்தாலும் கணக்கு மாறும்.

காரம். கேஜன் என்றால் நாக்கு எரியும் என்று நம்பிப் போகாதீர்கள். கேஜன் நாட்டுப்பக்கத்து ஓபலூசஸ் ஊர்க்காரரான பால் புருடோம் என்ற சமையல்காரர் 1979-ல் நியூ ஆர்லியன்ஸின் பழைய நகரப் பகுதியான பிரெஞ்சு குவார்ட்டரில் கடை திறந்தார். மசாலா தடவி, காய்ந்த வார்ப்பிரும்புச் சட்டியில் கறுக்க வாட்டிய ரெட்ஃபிஷை நாடு முழுக்கப் பிரபலமாக்கியது அவர்தான். கேஜன் என்றாலே காரம் என்ற பேச்சு அந்த அலையில் பரவியது. நாட்டுப்பக்கத்து வீட்டுச் சமையல் மிளகு வாசனையோடு சாதுவாகத்தான் இருக்கும். காரம் வேண்டியவர்களுக்காக மேசையில் கிரிஸ்டல், டபாஸ்கோ மிளகாய்ச் சாஸ் பாட்டில்கள் இருக்கும்.

நேரம். காத்திருப்பு, பார்க்கிங், ஓட்டும் தூரம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பட்டியல். இதில் போ-பாய் என்பது இந்த ஊர் சாண்ட்விச். விலை எல்லாம் வரி, டிப் இல்லாமல், தோராயம்தான்.

| | பெரிய உணவகம் | பேட்டைக் கடை | போ-பாய் கடை | கேஜன் நாட்டுப்பக்கம் |
|---|---|---|---|---|
| ஒருவருக்குச் செலவு | 70 டாலருக்கு மேல் | 20 முதல் 35 | 12 முதல் 20 | 10 முதல் 20. கிராஃபிஷ் என்றால் அன்றைய விலை |
| முன்பதிவு | வேண்டும் | பல இடங்களில் கிடையாது | கிடையாது | பெரும்பாலும் தேவையில்லை |
| மறைந்த செலவு | பார்க்கிங், உடை, மது | காத்திருப்பு, மூடும் நேரம் | வரிசை | தூரம், பெட்ரோல் |
| சைவர்களுக்கு | முன்கூட்டிச் சொன்னால் நடக்கும் | கஷ்டம் | உருளைக்கிழங்கு போ-பாய் | மிகக் கஷ்டம் |
| குழந்தைகளுக்கு | அவ்வளவாக ஒத்துவராது | நன்றாக ஒத்துவரும் | நன்றாக ஒத்துவரும் | ஒத்துவரும், காரம் பார்த்து |

## பெரிய பழைய உணவகங்கள்

1840-ல் தொடங்கிய ஆன்ட்வான்ஸ், 1905-ன் காலட்வார்ஸ், கார்டன் டிஸ்ட்ரிக்டில் உள்ள கமாண்டர்ஸ் பேலஸ். பெயர் பெற்ற இடங்கள், பெயருக்குத் தகுந்த சமையல். ஆய்ஸ்டர்ஸ் ராக்கஃபெல்லர் என்ற சிப்பிப் பதார்த்தம் பிறந்தது ஆன்ட்வான்ஸில்தான். திருமண நாள், பட்டமளிப்பு, பெற்றோரின் அறுபதாம் கல்யாணம் என்று காரணம் இருந்தால் யோசிக்காமல் போகலாம்.

போவதற்கு முன் பெட்டியைத் திறந்து பாருங்கள். காலட்வார்ஸில் மாலையில் ஆண்களுக்குக் கோட்டு கட்டாயம். கமாண்டர்ஸ் பேலஸில் அரை டிரவுசர் ஆகாது. பிரெஞ்சு குவார்ட்டரில் வண்டி நிறுத்த ஒரு போ-பாய் விலையைப் போல இரண்டு மடங்குகூட ஆகலாம். இதே சமையலறையைக் கொஞ்சம் குறைந்த செலவில் பார்க்க மதியச் சாப்பாடுதான் வழி. இரவு மெனுவை விட மதிய மெனு பொதுவாக மலிவு.

சைவர்களோடு போகும்போது இந்த வகைதான் எனக்கு முதல் தேர்வு. கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் காரணம் எளிது. ஒவ்வொரு தட்டையும் அந்தந்த நேரத்தில் சமைக்கும் சமையலறைதான், முதல் நாளே சொன்னால் காயை வெண்ணெயில் தனியாகச் செய்து தர முடியும். காலையிலேயே பெரிய பானையில் எல்லாவற்றையும் வைத்துவிடும் கடையால் அது முடியாது.

## பேட்டைக் கடைகள்

விசேஷம் எதுவும் இல்லை, ஒரு வேளைதான் இருக்கிறது என்றால் என் ஓட்டு இங்கேதான்.

கெனால் தெருவில் டிராம் போகும் பாதையிலேயே இருக்கும் மண்டினாஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2005 கத்ரினா புயல் வெள்ளத்தில் மூழ்கி மறுபடி எழுந்த கடை. ஆமை சூப், பாதாம் தூவிய டிரவுட் மீன், அதே மெனுவில் மீட்பால் போட்ட ஸ்பகெட்டி. இதைப் பார்த்துவிட்டு, இது என்ன கிரியோல் கடை என்று கேட்க வேண்டாம். சிசிலிக்காரர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக இந்த ஊர்ச் சமையலுக்குள் இருக்கிறார்கள், ஸ்பகெட்டியும் இங்கே உள்ளூர்ச் சாப்பாடுதான். பிரெஞ்சு குவார்ட்டரில் தங்கியிருந்தால் காரை எடுக்கவே வேண்டாம், டிராமில் போய் வரலாம். பார்க்கிங் செலவு அதோடு ஒழிந்தது.

டிரமே பகுதியில் 1941 முதல் இருக்கும் டூக்கி சேஸ் இன்னொரு ரகம். சுவர் முழுக்கக் கறுப்பினக் கலைஞர்களின் ஓவியங்கள். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதே சட்டப்படி குற்றமாக இருந்த நாளில், சிவில் உரிமைப் போராட்டக்காரர்கள் மாடி அறையில் ஒன்றாகக் கூடித் திட்டம் போட்ட இடம் இது. 2019-ல் 96 வயதில் காலமான லீயா சேஸ் கடைசிவரை இதன் அடுப்படியில் இருந்தார். பேட்டைக் கடை என்ற சொல்லில் அடக்கினால் கோபப்படுகிறவர்கள் இருப்பார்கள். ஆனாலும் விலையும் சூழலும் பெரிய உணவகங்களின் வரிசையில் சேராது.

இந்த மாதிரிக் கடையில் முதலில் கேட்க வேண்டியது, இன்றைக்கு என்ன ஸ்பெஷல் என்பதுதான். திங்கட்கிழமை என்றால் சிவப்புப் பீன்ஸ். ஞாயிற்றுக்கிழமை சமைத்த ஹாமின் எலும்பைப் போட்டு, துணி துவைக்கும் நாளில் அடுப்பில் வைத்துவிட்டு மறந்துவிடலாம் என்று தொடங்கிய வழக்கம். மணிக்கணக்கில் வெந்து பாதிப் பயறு கரைந்து, கெட்டியான குழம்பாகி, சோற்றின் மேல் வரும். பக்கத்தில் ஒரு துண்டு சாசேஜ். லூயி ஆம்ஸ்ட்ராங் தன் கடிதங்களில் கையெழுத்துக்கு முன் இந்தச் சாப்பாட்டின் பெயரைத்தான் போடுவாராம். வெள்ளிக்கிழமை என்றால் மீன், இறால் பக்கம் சாயுங்கள். ஊர் கத்தோலிக்க ஊர், தவக்காலத்து வெள்ளியில் சமையலறையின் கவனம் முழுக்கக் கடல் உணவில்தான்.

கும்போவை முதல் தடவை பார்க்கிறவர்கள் கிண்ணத்துக்குள் தேடிச் சோற்றைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். நம் வீட்டுக் கணக்குக்கு நேர் எதிர்: குழம்பு முக்கால், நடுவில் ஒரு கரண்டி சோறு. எண்ணெயில் மாவைப் போட்டு, கை எடுக்காமல் கிண்டி, சாக்லேட் நிறத்துக்குக் கொண்டுவருவதில்தான் அதன் உயிர் இருக்கிறது. அதை ரூ என்பார்கள். நிறம் கறுக்கக் கறுக்க ருசி ஏறும், கெட்டிப்படுத்தும் சக்தி குறையும். அந்தக் குறையை வெண்டைக்காயோ, சோக்டா பழங்குடிகளிடமிருந்து வந்த சாசஃப்ராஸ் இலைப் பொடியோ சரிக்கட்டும். சின்னக் கப், பெரிய கிண்ணம் என்று இரண்டு அளவு வரும். கப் வாங்கிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள், பரிமாறும் அளவு பெரிது.

மறைந்த செலவு இங்கே பணத்தில் இல்லை. பலர் மேசை ஒதுக்கி வைப்பதில்லை, வாசலில் பெயர் கொடுத்துவிட்டு நிற்க வேண்டும். சில கடைகள் மதியத்துக்கும் இரவுக்கும் நடுவே மூடும், சில ஞாயிறு திங்களில் திறக்கவே திறக்காது, சிலது ரொக்கம் மட்டும்தான் வாங்கும். ஏப்ரல் கடைசி, மே முதல் வார இறுதிகளில் ஜாஸ் ஃபெஸ்ட் என்ற இசை விழா நடக்கும் மைதானம், மண்டினாஸ் இருக்கும் மிட்-சிட்டி பகுதிக்குப் பக்கத்திலேயே இருப்பதால், அந்த நாட்களில் இந்தக் கடைகளுக்குப் பகல் இரண்டரை மூன்று மணிக்குப் போவதுதான் புத்திசாலித்தனம்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இங்கே காய் என்பது காய் இல்லை. சிவப்புப் பீன்ஸில் பன்றி, கீரையில் பன்றி, வெண்டைக்காய்ப் பொரியலில் இறாலோ ஹாமோ, கும்போவில் கோழித் தண்ணீர். இதற்கெல்லாம் மேல் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று டூக்கி சேஸில் பரிமாறும் கீரைக் கும்போ. கீரைகளின் எண்ணிக்கை ஒற்றைப் படையில் இருந்தால்தான் ராசி என்பார்கள். பெயர் கேட்டு நாவூறும், ஆனால் உள்ளே மாட்டிறைச்சி முதல் சாசேஜ் வரை எல்லாம் உண்டு. மறுநாள் பெரிய வெள்ளி விரதத்துக்கு முன் கறியைச் சாப்பிட்டுத் தீர்க்கும் நாள் அது. "வெஜிடேரியனா" என்று பொதுவாகக் கேட்காமல், "என்ன தண்ணீரில் வேகவைத்தீர்கள், என்ன கொழுப்பில் தாளித்தீர்கள்" என்று கேளுங்கள். கேட்டால் நேராகப் பதில் சொல்வார்கள்.

## போ-பாய் கடைகள்

பேட்டைக் கடையின் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். 1929-ல் டிராம் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, முன்னாள் டிராம் ஊழியர்களான மார்ட்டின் சகோதரர்கள் தங்கள் கடையில் அவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த சாண்ட்விச் என்பது ஊர் சொல்லும் கதை. 1911-ல் ரொட்டிக்கடையாகத் தொடங்கிய பார்க்வே, அப்டவுனில் டாமிலீஸ் இரண்டும் பெயர் போனவை.

ரொட்டிதான் விஷயம். மேல் ஓடு அழுத்தினால் நொறுங்கிச் சட்டை முழுக்கத் தூளாகக் கொட்டும், உள்ளே பஞ்சு. 1896 முதல் லைடன்ஹைமர் என்ற பேக்கரி சுட்டுத் தரும் வகை. "டிரெஸ்ட்" என்று சொன்னால் லெட்யூஸ், தக்காளி, ஊறுகாய் வெள்ளரி, மயோனைஸ் வைப்பார்கள். வறுத்த இறால், வறுத்த சிப்பி இரண்டும் பாதுகாப்பான தேர்வு.

குழந்தைகளோடு நாள் முழுக்கச் சுற்றுகிறீர்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது என்றால் இதுதான். சைவர்களுக்கும் ஒரு வழி: வறுத்த உருளைக்கிழங்கு வைத்த போ-பாய். ஆனால் அதன்மேல் வழக்கமாக ஊற்றுவது மாட்டிறைச்சி கிரேவி. "கிரேவி வேண்டாம்" என்று சொல்லியே ஆக வேண்டும். வறுக்கும் எண்ணெய் இறாலுக்கும் அதுதான் என்பதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

## கேஜன் நாட்டுப்பக்கம்

ஹூஸ்டன்காரர்கள் மறந்துபோகும் ஒரு விஷயம்: நீங்கள் ஐ-10 நெடுஞ்சாலையில் ஐந்தரை, ஆறு மணி நேரம் ஓட்டும்போது கேஜன் நாட்டின் நடுவாகத்தான் போகிறீர்கள். மூன்றரை மணி நேரத்தில் லஃபயெட் வந்துவிடும். பக்கத்திலேயே ஸ்காட், ப்ரோ பிரிட்ஜ். விமானத்தில் நியூ ஆர்லியன்ஸ் வருகிறவர்களுக்கு இது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டிய தனிப் பயணம், உங்களுக்கோ வழியில் ஒரு நிறுத்தம். அதனால் காரில் போகிறவர்கள் நாட்டுப்பக்கமா நகரமா என்று தேர்ந்தெடுக்கவே வேண்டியதில்லை. போகும் வழியில் மதியம் இங்கே, இரவு நகரத்தில்.

மதியம் என்றால் பிளேட் லஞ்ச் கடைகள். கறி, கிரேவி, சோறு, இரண்டு காய். தெர்மோகோல் பெட்டியில் கட்டித் தருவார்கள். இரண்டு மணிக்கு மேல் போனால் தீர்ந்திருக்கலாம். பெட்ரோல் பங்கிலேயே பூடன் விற்பார்கள்: பன்றி, ஈரல், சோறு, வெங்காயத்தாள் சேர்த்து அடைத்த சாசேஜ். உறையை விட்டுவிட்டு உள்ளே இருப்பதைப் பிதுக்கி, காரின் பானெட்டில் சாய்ந்துகொண்டே சாப்பிடுவது ஊர்ப் பழக்கம். பன்றி சாப்பிடாதவர்களுக்கு இந்தப் பக்கத்தில் பாதி மெனு போய்விடும். அவர்களுக்கு மிஞ்சுவது கிராஃபிஷ்.

அது கொஞ்சம் மிச்சமில்லை. 1959-ல் மாநிலச் சட்டமன்றமே கிராஃபிஷின் உலகத் தலைநகரம் என்று பட்டம் கொடுத்த ஊர் ப்ரோ பிரிட்ஜ். சுற்றிலும் நெல் வயல்கள். அறுவடை முடிந்து இலையுதிர் காலத்தில் அதே வயலில் தண்ணீர் கட்டிவிடுவார்கள், அறுத்த நெல்லின் தாள் மக்க மக்க அதில் இந்தக் குட்டிச் சிங்கி இறால்கள் வளரும், வசந்தத்தில் பொறி வைத்து எடுப்பார்கள். ஒரு நிலத்தில் சோறும் தொட்டுக்கையும்.

வேகவைத்த கிராஃபிஷ் பவுண்டுக் கணக்கில் வரும், தட்டில் மலையாக. தலையையும் வாலையும் பிடித்துத் திருகி இழுங்கள். தலையில் இருக்கும் மஞ்சள் கொழுப்பை உறிஞ்சுவது தைரியசாலிகளுக்கு. வால் ஓட்டின் முதல் வளையத்தைக் கழற்றி, நுனியைக் கிள்ளினால் சதை முழுசாக வந்துவிடும். வெந்த தண்ணீரில்தான் காரம், சதையில் அல்ல. அதனால் கூட வெந்த உருளைக்கிழங்கும் சோளமும்தான் எல்லாவற்றையும் குடித்து வைத்திருக்கும். குழந்தைக்கு உருளைக்கிழங்கைக் கொடுத்து ஆற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள், தட்டிலேயே காரமானது அதுதான்.

கணக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். முழு எடையில் வால் சதை 15 சதவீதம் அளவுதான். ஆளுக்கு 3 பவுண்டு வாங்கினால் கையில் மிஞ்சுவது 200 கிராம். மெனுவில் விலை போடாமல் அன்றைய விலை என்று எழுதியிருப்பார்கள். 2023 கோடை வறட்சியால் அடுத்த சீசனின் தொடக்கத்தில் விலை தாறுமாறாக எகிறியது. உட்காரும் முன் பவுண்டு என்ன என்று கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை, உள்ளூர்க்காரர்களும் அதைத்தான் கேட்கிறார்கள்.

உரிக்கப் பொறுமை இல்லாதவர்கள் எடுஃபே வாங்கலாம்: வாலை மட்டும் வெண்ணெய், வெங்காயத்தில் வேகவைத்துச் சோற்றின் மேல் ஊற்றியது. சீசன் இல்லாத மாசத்தில் இதற்கு உறைந்த சதைதான் போடுவார்கள், சில இடங்களில் இறக்குமதிச் சரக்கு. வெளிநாட்டு இறாலோ கிராஃபிஷோ பரிமாறினால் உணவகம் அதைச் சொல்லியாக வேண்டும் என்று லூசியானாவில் சட்டம் இருக்கிறது. மெனுவின் அடியில் பொடி எழுத்தில் தேடுங்கள்.

## ஹூஸ்டனை விட்டே கிளம்பாமல்

சிலருக்குக் கிராஃபிஷ் மட்டும்தான் ஆசை. அதற்காக மூன்றரை மணி நேரம் ஓட்ட வேண்டுமா? வேண்டியதில்லை. 1975-க்குப் பிறகு வளைகுடாக் கரையில் குடியேறிய வியட்நாமியர்கள் வளர்த்த வியட்-கேஜன் கடைகள் ஹூஸ்டனின் பெலேர் பக்கம் நிறைய. லூசியானாவில் காரம் வேகும் தண்ணீரோடு நின்றுவிடும். இங்கே வெந்த பிறகு பூண்டு, வெண்ணெய், மசாலாவில் மறுபடி புரட்டித் தருவார்கள். நம் நாக்குக்கு இதுதான் அதிகம் பிடிக்கும் என்பது என் கட்சி, லூசியானாக்காரர் காதில் விழாமல் சொல்லிக்கொள்ளலாம். பெற்றோர் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள், நீண்ட பயணம் முடியாது, ஆனால் காரசாரமாக ஏதாவது வேண்டும் என்றால் இதையே எடுங்கள். வெண்ணெயும் பூண்டும் விரலில் இரண்டு நாள் இருக்கும், கையுறை கேட்டால் கொடுப்பார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் மட்டும் போகாதீர்கள், அப்போது கிடைப்பது பெரும்பாலும் உறைந்த சரக்கு.